தம்பியின் தலை

அத்தியாயம் 14

லுடூமோவின் பெயரில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள அவன் தம்பி வாண்டிலே ஒப்புக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை மதியம். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவன் அண்ணன் வீட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அண்ணனின் தலை மாதிரித் தெரியத் தன் தலையை மழித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் என்றால் பத்து நிமிஷத்துக்கு அண்ணன். இரட்டைப் பிள்ளைகள். முப்பத்தேழு வயதிலும் பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் பெயரை மாற்றித்தான் கூப்பிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அந்தக் குழப்பம் இல்லை. லுடூமோவின் மூக்கு இருபது வருஷக் குத்துச்சண்டையில் சப்பிப்போயிருந்தது. இடது புருவத்தில் மூன்று தையல் தழும்புகள்.

லுடூமோவின் மனைவி சொலேகா ஒரு பிளாஸ்திரியைப் பிரித்து வாண்டிலேயின் இடது புருவத்தின் மேல் ஒட்டினாள்.

"மூக்கைப் பாத்துக் கேட்டா?" என்றான் வாண்டிலே.

"அடையாள அட்டைல இருக்கறது பதினெட்டு வயசுப் படம். அப்ப அவர் மூக்கும் உன் மூக்கு மாதிரிதான் இருந்துது."

மூன்று வருஷத்துக்கு முன்னால் போர்ட் எலிசபெத்தில் ஒரு டாக்டர் லுடூமோவின் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மூளையின் நடுவே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்திருக்கிறது, மூளை வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது, இனிமேல் ஒரு குத்துகூட வாங்கக் கூடாது என்றார். மருந்து உண்டா என்று சொலேகா கேட்டாள். இல்லை என்றார்.

அந்தப் படம் குத்துச்சண்டை வாரியத்துக்குப் போகவில்லை. முழங்கை சரியில்லை என்று தங்கள் ஊரான ம்டன்ட்சானே முழுக்கச் சொல்லிவைத்தார்கள். லைசென்ஸ் தானாகக் காலாவதி ஆனது. லுடூமோ சுவரைப் பார்த்துப் படுத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தான்.

அந்த வருஷத்தில்தான் அவன் சொலேகாவை அடித்தான். ஒரே ஒரு தடவை. மறுநாள் காலை அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு யார் அடித்தது என்று கேட்டான். அடித்தவனைத் தேடிக்கொண்டு அவன் தெருவில் இறங்கிப் போனான்.

பிறகு இந்த ஜனவரியில் பழைய பயிற்சியாளர் மபீஜா வந்து, சின்னப் பையன்களுக்குக் குத்துப் பழக ஒரு ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். ஒரே மாதத்தில் லுடூமோ ஆளே மாறினான். விடியற்காலை ஓடினான். சிரித்தான். டர்பனில் பத்து ரவுண்டு சண்டைக்குப் பெயர் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று ஆள் வந்தபோது, சரி என்று சொல்லிவிட்டான். அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குத் தலைப் படம் வேண்டும்.

சொலேகா மூன்று வாரம் முடியாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினான். மாரடேபே என்றுதான் கூப்பிட்டான். அது அவள் பிறந்த குலத்தின் பெயர். கோபம் இல்லாத நாட்களில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"என் தலை எந்த நிலைமைல இருக்குன்னு எனக்குத் தெரியும், மாரடேபே. அதனாலதான் சொல்றேன். மேடையில என் பேரைச் சொல்லட்டும். மூணாவது ரவுண்டுல உருப்படியா ஒரு அடி விழுந்ததும் மண்டி போட்டுடுவேன். எந்திரிக்க மாட்டேன். இந்தக் கட்டில்ல முடியறதுக்கு அங்க முடிஞ்சுக்கறேன்."

அவனுக்குத் தெரிகிறது என்ற அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் அவள் தலையாட்டினாள். வாண்டிலேயும் அதை நம்பித்தான் வந்திருந்தான்.

லுடூமோ ஓட்டம் முடித்து வியர்வையோடு உள்ளே வந்தான். தம்பியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"யாருடா இந்த அழகன்? என் மூஞ்சிய எடுத்துக்கிட்டு நல்லா வச்சிருக்க."

"நீ கெடுத்துவச்சத நான் எப்படி எடுக்கறது."

லுடூமோ சிரித்தான். மொத்தம் நாற்பத்தொரு சண்டை, முப்பத்திமூன்று ஜெயித்தது, எந்த ஊரில் யாரிடம் தோற்றது என்று வரிசையாகச் சொல்லித் தம்பியைத் திருப்பிச் சொல்லவைத்தான். ஒரு பெயர்கூடத் தவறவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்தையதெல்லாம் அவனுக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. போன வாரம்தான் இல்லை.

வாசல்வரை வந்து தம்பியின் முதுகில் தட்டினான். "மெஷின் கத்தும். பயந்துக்காத. அது அடிக்காது."

வாண்டிலே தெருவில் இறங்கினான். பன்னிரண்டு வயதில், கிளப் போட்டியில் தன் முறை வந்தபோது, அவன் கக்கூஸில் ஒளிந்துகொண்டவன். லுடூமோ அவன் பனியனை மாட்டிக்கொண்டு அவன் பெயரில் மேடையேறினான். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவைக்கு முன்னால் வாண்டிலே கிளப்பை விட்டே நின்றுவிட்டான். அந்த மூன்று சண்டைகளில் விழுந்த அடிகளும் லுடூமோவின் தலைக்குள்தான் இருந்தன.

*

வாண்டிலே ம்டன்ட்சானேக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் இடையே பயணிகள் வேன் ஓட்டுகிறவன். அன்று வேனில் சொலேகா மட்டும்தான். நிறுத்தங்களில் நின்றவர்கள் வேனை நிறுத்தச் சொல்லி விரலைக் காட்டினார்கள், அவன் நிற்காமல் போனதும் திட்டினார்கள். அவள் வாங்கிவந்திருந்த எண்ணெயில் பொரித்த ரொட்டி மடியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"வேணாம்னா இப்பவே திரும்பிடலாம்" என்றாள் சொலேகா.

"அவன் எனக்காக மூணு தடவை ஏறினான், அண்ணி."

"அதுக்கு?"

"நான் ஒரு தடவை படுத்துக்கறேன். அவ்வளவுதான்."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் போர்ட் எலிசபெத் படங்கள் இருந்த பழுப்பு உறை இருந்தது. காலையில் அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவில்லை. வாண்டிலேயிடம் சொல்லவில்லை.

ஈஸ்ட் லண்டனில் மேட்டின் மேல் இருந்த ஆஸ்பத்திரியில் யாரும் மூக்கைப் பார்க்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். வாண்டிலேயை இடுங்கின ஒரு குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். அரை மணி நேரம் தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. அசையக் கூடாது என்றார்கள். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனபோதும் அவன் அசையவில்லை.

டாக்டர் மெரைஸ் என்ற இளம் பெண் கேப் டவுனிலிருந்து தற்காலிகமாக வந்திருந்தார். லுடூமோ என்ற குத்துச்சண்டைக்காரனை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. வாண்டிலேயை ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலுமாக நடக்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றார். ஆறு, கம்பளி, ஆரஞ்சு, ஜன்னல், குதிரை.

பிறகு சொலேகாவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கணினித் திரையில் வாண்டிலேயின் மூளை சாம்பல் நிறத்தில் நின்றது.

"நாப்பத்தொரு சண்டையா?" என்றார் டாக்டர். "இதுக்குள்ள ஒரு அடி விழுந்த அடையாளம்கூட இல்ல. நீங்க ரொம்பக் குடுத்துவச்சவர்."

வாண்டிலே தன் கால்களைப் பார்த்தான்.

டாக்டர் அதோடு விடவில்லை. படம் நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, குத்துச்சண்டைக்காரர்களுக்கு வருகிற மூளை நோயை உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல வழி கிடையாது, இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வருஷக்கணக்கில் மெதுவாகத் தின்னும். சண்டையை நிறுத்தின பிறகும் தின்னும்.

"எங்களுக்கு முன்னால வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொலேகாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. வீட்ல எப்படி இருக்கார்?"

சொலேகா வாயைத் திறந்தாள். இல்லை, ஒன்றுமில்லை என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு.

"மறதி இருக்கு, டாக்டர்" என்றாள்.

வாண்டிலே நிமிர்ந்தான்.

அவள் நிறுத்தவில்லை. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் தாழ்ந்த குரலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அடுப்பை ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். மகளை, செத்துப்போன தங்கையின் பெயரால் கூப்பிடுகிறார். காலை வேளைகளில் கை நடுங்கி டீ சிந்துகிறது. காரணமில்லாமல் அழுகிறார், காரணமில்லாமல் கத்துகிறார். என்னை அடித்துவிட்டு, அடித்ததையே மறந்துவிட்டார்.

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு வாண்டிலேயைப் பார்த்தார்.

"அப்ப சொன்ன அஞ்சு வார்த்தை. ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க."

சொலேகா அவனைப் பார்த்தாள். ஒன்றை விட்டால் போதும். இரண்டு சொல்லைத் தடுமாறினால் போதும், இன்னொரு சோதனை, இன்னொரு மாதம், அதற்குள் டர்பன்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். அவள் கண்ணில் இருந்தது வாண்டிலேக்குப் புரிந்தது. தான் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கும் அவனுக்கு நினைவில் இருந்தது.

"ஆறு" என்றான். "கம்பளி. ஆரஞ்சு." கொஞ்சம் நிறுத்தினான். "ஜன்னல். குதிரை."

டாக்டர் தலையசைத்தார். அவர் குரலில் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் சொலேகாவுக்கானது. சண்டைக்காரர்களின் மனைவிகள் பயப்படுவது சகஜம், அந்தப் பயத்தில் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும், அடித்தது பற்றி வேண்டுமானால் தனியாக உதவி கேட்கலாம் என்று சொன்னார். இதற்கு முன்னால் எப்போதாவது தலைப் படம் எடுத்திருக்கிறீர்களா, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் கேட்டார்.

"இல்ல" என்றான் வாண்டிலே.

சொலேகாவின் விரல் பையின் ஜிப்பில் இருந்தது. பாதி திறந்தாகிவிட்டது. உறையின் விளிம்பு தெரிந்தது. அதை மேஜையில் வைத்தால் இரண்டு மூளையும் இரண்டு ஆளுடையது என்று எந்த டாக்டருக்கும் தெரிந்துவிடும். லுடூமோ மேடையேற மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் போலீஸ் வண்டியில் ஏறுவான். அவனுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அவள் ஜிப்பை மூடினாள்.

டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தன் கைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, வாண்டிலே பார்க்காதபடி சொலேகாவின் கையில் வைத்தார். வெள்ளிக்கிழமை வரைதான் இங்கே இருப்பேன், அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றார்.

வேன் மேட்டைவிட்டு இறங்கியது.

"நீ ஒண்ண விட்டிருக்கலாம்" என்றாள் சொலேகா.

"நீங்க பையைத் திறந்திருக்கலாம்."

பார்த்திருக்கிறான்.

*

அவர்கள் திரும்பியபோது மணி இரண்டு. லுடூமோ முற்றத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். தம்பி வேனிலிருந்து இறங்கியதும் கயிறு நின்றது. அவன் வாண்டிலேயின் தலையையே பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"ஏண்டா மொட்டை?" என்றான். "யாரு போயிட்டாங்க? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல?"

விளையாடுகிறான் என்று நினைத்து வாண்டிலே சிரித்தான். லுடூமோ சிரிக்கவில்லை. யாரும் சாகவில்லை, வெயிலுக்காக அடித்தது என்று வாண்டிலே சொன்ன பிறகுதான் அவன் தோள் இறங்கியது.

உள்ளே போனதும் வாண்டிலே சான்றிதழையும் படங்களையும் மேஜை மேல் வைத்தான். லுடூமோ உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். தன் பெயர். தன் பிறந்த தேதி. சண்டைக்குத் தகுதி உண்டு. மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"நான் சொன்னேன்ல" என்றான் மெதுவாக. "அந்தக் குழாய்க்குள்ள படுத்திருக்கும்போதே எனக்குத் தெரியும். ஒண்ணும் இல்லன்னு தெரியும்."

சொலேகா வாண்டிலேயைப் பார்த்தாள்.

"என்னா சத்தம் அது" என்று லுடூமோ தம்பியிடம் சொன்னான். "நீயா இருந்தா எந்திரிச்சு ஓடியிருப்ப."

சொலேகா எதிரே உட்கார்ந்தாள். அவன் கையைத் தொட்டாள். "போனது நீங்க இல்ல. வாண்டிலே போனான். உங்க பேர்ல. நாமதான் பேசி முடிவு பண்ணினோம், ஞாயித்துக்கிழமை. காலைல நீங்கதான் அவனுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தீங்க."

அவன் அவளைப் பொறுமையாகப் பார்த்தான், குழந்தை உளறுவதைக் கேட்பதுபோல.

அவள் பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்துப் பழைய படத்தை அவன் முன்னால் விரித்தாள். "இதுதான் உங்க தலை. நடுவுல பாருங்க. கிழிஞ்சிருக்கறது தெரியுதா?"

லுடூமோ அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இன்னொரு கையில் புதிய படத்தைப் பிடித்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆறிடுச்சு" என்றான். "மாரடேபே, இங்க பாரு. ஆறிடுச்சு. மருந்தே இல்லன்னான் அந்த ஆளு."

சொலேகா எழுந்துவிட்டாள். வாண்டிலேயிடம் திரும்பி, சொல்லு என்றாள். சொல்லு, நீ போனதைச் சொல்லு என்று இரண்டாம் தடவை சொன்னாள்.

லுடூமோவும் தம்பியைப் பார்த்தான். முதலில் அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல ஏதோ நுழைந்தது. இரண்டு படங்களையும் பிடித்திருந்த கைகள் தாழ்ந்தன.

"நீயா போன?" என்று கேட்டான். "வாண்டிலே. அது நீயா?"

வாண்டிலே தன் அண்ணனை எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறான். ரத்தம் வழிந்தபோதும் பல் போனபோதும் அந்த முகத்தில் பயம் வந்ததில்லை. இப்போது இருந்தது.

"இல்ல" என்றான். "நீதான் போன. நான் வண்டியில இருந்தேன்."

லுடூமோ மூச்சை விட்டான். படங்களை மேஜையில் வைத்தான். சொலேகாவின் பக்கம் வந்து அவள் தலையில் கை வைத்தான். அதில் கோபமே இல்லை.

"நீ ரொம்பக் களைச்சுப்போயிருக்க. போய்க் கொஞ்சம் படு. சோளமும் பயறும் நான் வேகவைக்கறேன்."

பிறகு மபீஜாவுக்குப் போன் போட்டான். தலை சரியாகிவிட்டது என்றான். பழைய காயம்கூட ஆறிவிட்டது, காகிதம் கையில் இருக்கிறது என்றான். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"மூணாவது ரவுண்டா? யார் சொன்னா அப்படி?" லுடூமோ சிரித்தான். "பத்தும் நிப்பேன். எவ்வளவு அடிச்சாலும் நிப்பேன்."

*

சொலேகா முற்றத்துக்கு வந்தபோது வாண்டிலே வேனுக்குள் உட்கார்ந்திருந்தான். புருவத்திலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்திருந்தான். இஞ்சினைக் கிளப்பவில்லை. அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"அவன் முகத்தப் பாத்தீங்கல்ல" என்றான். "எப்படி அண்ணி சொல்றது."

"சொன்னாலும் நாளைக்கு மறந்துடுவார்" என்றாள் சொலேகா. "நாளைக்கும் சொல்லணும். தினம் சொல்லணும். தினமும் அந்த முகம்தான்."

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. லுடூமோ ஏதோ பாடிக்கொண்டிருந்தான். பாட்டின் இரண்டாவது வரி வராமல் முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினான்.

அவள் துண்டுத் தாளை எடுத்து வாண்டிலேயிடம் காட்டினாள்.

"அந்த டாக்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருப்பாங்க."

அவன் எண்ணைப் படித்தான். தாளை வாங்கிக்கொள்ளவில்லை. தள்ளவும் இல்லை.

"எத்தனை வருஷம் உள்ள போடுவாங்க?" என்று கேட்டான்.

"தெரியல."

"அதுக்கப்புறம் அவன் என்ன பண்ணுவான்? திரும்பக் கட்டில்லயா?"

அவள் ஆமாம் என்றாள்.

வாண்டிலே ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தான். வியாழக்கிழமை சாயங்காலம்வரை யாரையும் கூப்பிட வேண்டாம், என் பொண்டாட்டியிடம் நான் சொல்ல வேண்டும், என்றான். வேனைக் கிளப்பினான். சொலேகா தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் தெரு முனையில் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து ஏதோ கருகும் வாசனை வந்தது. அவள் வீட்டுக்குள் ஓடினாள்.